கடலோரத்துப் பழைய பள்ளிக்கூடம்: மின்செலவையும் கரியமில வாயு உமிழ்வையும் கணக்கெடுக்கும் முறை

பழைய பள்ளிக்கூடத்தின் மின்கட்டணத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தவுடன், ஊரில் யாராவது ஒருவர் கூரைக்குச் சூரியத் தகடு வாங்கித் தருகிறேன் என்று முன்வந்துவிடுவார். நல்ல மனந்தான். ஆனால் அந்தக் கட்டடத்தில் எது எவ்வளவு மின்சாரத்தை இழுக்கிறது, எங்கே வீணாகிறது என்பது தெரியாமல் தகடு ஏற்றுவது, ஓட்டைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடியில் வரிசையில் நிற்பதைப் போன்றது. தொண்டியிலிருந்து மண்டபம் வழியாகச் சாயல்குடி வரை நீளும் இராமநாதபுரம் கடற்கரையில், சுண்ணாம்புக் காரைச் சுவரும் தட்டோடு பதித்த மொட்டைமாடியும் உள்ள பள்ளிக் கட்டடம் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு, அதன் ஓராண்டுக் கணக்கை எழுதும் முறையையும், எழுதிய பிறகு எந்த வேலையை முதலில் தொடுவது என்பதையும் இங்கே சொல்கிறேன். இதற்கு வேண்டியவை ஒரு நோட்டு, நொடி காட்டும் கடிகாரம், மின்கட்டண அட்டை, இரண்டு மூன்று மாணவர்கள் ஆகியவைதாம்.

எந்த ஆண்டை எடுத்துக்கொள்வது

ஜூன் தொடங்கி மே முடிய உள்ள பன்னிரண்டு மாதத்தை ஓர் ஆண்டாக வைத்துக்கொள்ளுங்கள்; பள்ளியின் நடைமுறைக்கு அதுவே பொருந்தும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பதால் ஆண்டுக்கு ஆறு ரீடிங் கிடைக்கும். முடிந்தால் மூன்று ஆண்டு எண்களை எழுதிப் பாருங்கள். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் வெகுகாலம் சரிவர இயங்கவில்லை என்பதால், அந்தக் காலத்து எண்களை ஒப்பீட்டுக்கு எடுக்கக் கூடாது. சமையலறைக் கணக்கிலும் இப்படி ஒரு முறிவு உண்டு. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15 அன்று வந்தது. அதற்கு முந்திய ஆண்டின் சிலிண்டர் எண்ணிக்கையை இன்றைய எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், பிள்ளைகளின் வயிறு நிறைவதை வீண்செலவு என்று எழுதியவர்களாவோம்.

பள்ளிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மின் இணைப்பு இருப்பது வழக்கம். பழைய கட்டடத்துக்கு ஒன்று, பிறகு கட்டிய வகுப்பறைகளுக்கு ஒன்று, போர் மோட்டாருக்கு ஒன்று என்று தனித்தனி எண் இருக்கும். எல்லா எண்களையும் சேர்த்த பிறகே கூட்டுத்தொகை போடவேண்டும். மே மாதம் கதவு பூட்டியிருந்ததால் ரீடிங் எடுக்காமல் சராசரித் தொகை போட்டிருந்தால், அடுத்த ரீடிங்கையும் சேர்த்து நான்கு மாதமாகப் பாருங்கள்.

மீட்டரின் சிவப்பு விளக்கு

இந்தக் கணக்கெடுப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மின்னணு மீட்டரின் முகப்பில் சிவப்பாகச் சிமிட்டும் சிறு விளக்கு ஒன்று உண்டு. ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை சிமிட்டும் என்பது பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். 800, 1600, 3200 என்று மீட்டருக்கு மீட்டர் மாறும். 1600 என்று அச்சிட்ட மீட்டரில் பத்துச் சிமிட்டல் 25 நொடியில் நடந்தால், அந்த நேரத்துச் சுமை 900 வாட். கணக்கு எளியது: 3600-ஐச் சிமிட்டல் எண்ணிக்கையால் பெருக்கி, அச்சிட்ட எண்ணாலும் நொடிகளாலும் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். முதல் சிமிட்டலைச் சுழியம் என்று எண்ணித்தான் கடிகாரத்தைத் தொடங்கவேண்டும். ஒன்று என்று தொடங்கினால் விடை தவறும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதை ஆசிரியர்களைவிடச் சரியாகச் செய்வார்கள்.

முதலில் எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டு எண்ணுங்கள். பிறகு ஓர் அறையின் மின்விசிறிகளை மட்டும் போட்டு எண்ணுங்கள். அடுத்து விளக்குகள், அதன்பின் மோட்டார். விசிறியின் பட்டையில் 60 வாட் என்று எழுதியிருந்தாலும், இருபது வருடம் ஓடிய விசிறி 75 வாட் இழுப்பதை இந்த விளக்கு காட்டிக்கொடுத்துவிடும். சுவரில் பெட்டி போலப் பழைய ரெகுலேட்டர் இருக்கும் அறையில், விசிறியை முழுவேகத்தில் ஒரு முறையும் மெதுவாக ஒரு முறையும் ஓடவிட்டு எண்ணிப் பாருங்கள். வேகம் பாதியாகக் குறைந்தும் மின்செலவு அந்த அளவுக்குக் குறையாது. மிச்சம் அந்தப் பெட்டிக்குள் சூடாகப் போகிறது.

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் விளக்கு சிமிட்டினால் அதை விட்டுவிடாதீர்கள். கடலை ஒட்டிய ஒரு பள்ளியில் கடைசி ஆசிரியர் பூட்டிக்கொண்டு கிளம்பிய பிறகும் நாற்பது நொடிக்கு ஒரு முறை மீட்டர் சிமிட்டிக்கொண்டிருந்தது. 1600 மீட்டரில் அது ஏறத்தாழ 56 வாட். பின்பக்கத்து விளக்குக்குப் போகும் வயரின் இணைப்புப் பெட்டியைத் திறந்தபோது, செம்பு முனைகளில் பச்சையாகக் களிம்பு பூத்து, அதன்மேல் உப்பு வெள்ளையாகப் படிந்து, பிசுபிசுவென்று ஈரம் பிடித்திருந்தது. காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துவைத்துக்கொள்ள, அதன் வழியே மின்சாரம் சுவருக்குள் கசிந்துகொண்டிருந்தது. ஆண்டு முழுவதும் அப்படியே நீடித்தால் அது 490 யூனிட். அதைவிடக் கவலைப்பட வேண்டியது ஒன்று உண்டு: 56 வாட் என்றால் கிட்டத்தட்ட 240 மில்லி ஆம்பியர், ஆளைக் காக்கும் கசிவுத் தடுப்பு பிரேக்கர் 30 மில்லி ஆம்பியரிலேயே இணைப்பைத் துண்டிக்கவேண்டும். அந்தப் பள்ளியில் அப்படி ஒரு பிரேக்கரே இல்லை. இணைப்புப் பெட்டிகளைத் திறக்கும் வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே விடுங்கள். பிள்ளைகள் மீட்டரை எண்ணுவதோடு நிற்கட்டும்.

அறை அறையாக எழுதுவது

ஒவ்வோர் அறைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, சாதனம், எண்ணிக்கை, வாட், நாளைக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுக்கு எத்தனை நாள் என்று எழுதுங்கள். ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். பன்னிரண்டு அறைகள், அறைக்கு மூன்று விசிறி, மூன்று குழல்விளக்கு என்று கொள்வோம். 36 விசிறி, ஒன்றுக்கு 75 வாட், நாளுக்கு ஆறு மணி நேரம், 210 நாள்: சுமார் 3,400 யூனிட். சோக்கோடு சேர்த்து 52 வாட் இழுக்கும் பழைய குழல்விளக்கு 36, நாளுக்கு மூன்று மணி நேரம்: சுமார் 1,180 யூனிட். ஒரு குதிரைத்திறன் மோட்டார் 1.1 கிலோவாட் வீதம், நாளுக்கு இரண்டு மணி நேரம், 230 நாள்: 506 யூனிட். பத்துக் கணினிகள்: 600 யூனிட். விடிய விடிய எரியும் வெளி விளக்குகள்: 350 யூனிட். ஆகமொத்தம் ஏறத்தாழ 6,040 யூனிட்.

இந்தக் கூட்டுத்தொகைக்கும் கட்டண அட்டையின் தொகைக்கும் பத்து விழுக்காட்டுக்குள் வேறுபாடு இருந்தால் கணக்கு சரி. அட்டை மிக அதிகமாகக் காட்டினால் மேலே சொன்ன கசிவையோ, மோட்டாரையோ, நீங்கள் எழுத மறந்த ஏதோ ஒன்றையோ தேடவேண்டும். இந்தக் கரையில் நான் முதலில் சந்தேகப்படுவது மோட்டாரைத்தான். உவர்நீர் இறைக்கும் பம்பின் உள்சக்கரம் அரித்துத் தேய்ந்தபின், அதே தொட்டியை நிரப்ப முன்பு நாற்பது நிமிடம் ஆனது ஒன்றரை மணி நேரமாகும். நீர் வந்துகொண்டுதானே இருக்கிறது என்று யாரும் கவனிப்பதில்லை. தொட்டி நிரம்பும் நேரத்தை மாதம் ஒரு முறை குறித்துவைத்தாலே இது பிடிபட்டுவிடும்.

யூனிட்டிலிருந்து கரியமில வாயுவுக்கு

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது என்பதை மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அண்மைப் பதிப்புகளின்படி அது ஏறத்தாழ 0.72 கிலோ. மாதிரிப் பள்ளியின் 6,040 யூனிட்டுக்கு இது 4.3 டன்னுக்குச் சற்று மேல் வரும்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016 முதல் இயங்குகிறது. வழுதூரில் எரிவாயு மின்நிலையம் இருக்கிறது. பிறகு நம் மாவட்டத்து மின்சாரத்துக்கு நிலக்கரிக் கணக்கு ஏன் என்பார்கள். மின்கம்பிக்கு மாவட்ட எல்லை தெரியாது. 2013 டிசம்பர் 31 அன்று தென்னகத் தொகுப்பு நாட்டின் பிற தொகுப்போடு இணைந்த பிறகு, கமுதியில் பிறக்கும் மின்சாரமும் வடக்கே நிலக்கரி எரியும் சிங்ரௌலியில் பிறக்கும் மின்சாரமும் ஒரே குளத்து நீர். ஆகவே நாடு முழுமைக்கும் உள்ள எண்ணையே எழுதவேண்டும். எந்த ஆண்டுப் பதிப்பின் எண்ணைப் பயன்படுத்தினோம் என்பதையும் அடியில் குறித்துவிடுங்கள். இல்லையென்றால் மறுஆண்டு ஒப்பிடும்போது, உமிழ்வு குறைந்தது நம் முயற்சியாலா அந்த எண் மாறியதாலா என்று தெரியாமல் போகும்.

மின்சாரம் போக, பள்ளி வளாகத்துக்குள்ளேயே எரிவது சமையல் எரிவாயுவும் ஜெனரேட்டர் டீசலும். ஒரு கிலோ எரிவாயுவுக்கு ஏறத்தாழ 2.98 கிலோ கரியமில வாயு, 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு 42 கிலோ. ஆண்டுக்கு முப்பது சிலிண்டர் என்றால் 1.27 டன். சிலிண்டர் எண்ணிக்கையைச் சத்துணவு அமைப்பாளரின் பதிவேட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். டீசல் லிட்டருக்கு 2.68 கிலோ. சமையல் இன்னும் கருவேல விறகில் நடந்தால், விறகிலிருந்து வரும் கரியமில வாயுவைத் தனியே ஒரு வரியில் எழுதிவைப்பதுதான் உலகெங்கும் உள்ள வழக்கம். மரம் வளர்ந்தபோது காற்றிலிருந்து எடுத்ததையே திருப்பித் தருகிறது என்பது அதற்கான காரணம். சமைக்கும் பெண்களின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் அந்தக் காரணம் பொருந்தாது என்பதால், விறகடுப்பை மாற்றும் முடிவைக் கரியமிலக் கணக்கின் பொறுப்பில் விடவேண்டாம்.

கடைசியாக, வந்துபோகும் பயணம். இதை விருப்பம் இருந்தால் சேர்க்கலாம் என்பது விதி. நான் சேர்க்கச் சொல்வேன். மாணவர்களில் பெரும்பாலோர் நடந்தும் மிதிவண்டியிலும் வருவார்கள். ஆனால் பத்து ஆசிரியர்கள் நகரத்திலிருந்து நாளுக்கு முப்பது கிலோமீட்டர் இருசக்கர வண்டியில் வந்துபோனால், 210 நாளில் 63,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 45 என்று வைத்தால் 1,400 லிட்டர் பெட்ரோல், லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் 3.2 டன். முழுப் பள்ளியின் விசிறிகளும் சேர்ந்து வெளியிடுவது 2.4 டன்தான். யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பேருந்து நேரம் பள்ளி நேரத்தோடு பொருந்தாத ஊரில் வேறு வழி கிடையாது. ஆனாலும் பேருந்து நேரத்தை மாற்றக் கோரி மனு எழுதும்போது இந்த எண் கைகொடுக்கும்.

எதை முதலில் செய்வது

கணக்கு கையில் வந்தபின், முதல் வேலை கசிவையும் பம்பையும் சரிசெய்வது. இதற்குச் செலவு குறைவு, பாதுகாப்பும் இதில்தான் இருக்கிறது. இரண்டாவது, சுவர். உட்சுவர் அழுக்கேறிக் கறுத்த அறையில் பகல் பத்து மணிக்கே விளக்குப் போடுகிறார்கள். வெள்ளையடித்து, செங்கல் வைத்து அடைத்துவிட்ட வெண்டிலேட்டரைத் திறந்துவிட்டால் சன்னல் பக்கத்து வரிசைக்கு விளக்கே வேண்டாம். சுண்ணாம்புக் காரைச் சுவருக்குச் சுண்ணாம்பே அடியுங்கள். உவர் ஏறிய சுவருக்குமேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, பூச்சு இரண்டு மழைக்காலத்துக்குள் உப்போடு உதிர்ந்து விழும்.

மூன்றாவது மொட்டைமாடி. மாசி கடைசியில், வெயில் ஏறுவதற்குமுன் தளத்தைக் கூட்டிக் கழுவி வெள்ளைச் சுண்ணாம்பை இரண்டு கை அடிக்கவேண்டும். ஐப்பசி மழைக்குமுன் அடித்தால் அது வாய்க்காலில்தான் ஓடும். ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: வெள்ளைத் தளத்தால் மின்கட்டணம் பெரிதாகக் குறையாது, ஏனென்றால் வெயில் குறைந்தாலும் விசிறி ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதன் பயன் வேறு. மேல்மாடி அறை உட்காரத் தகுந்ததாக இருந்தால், அங்கே ஏசி வைக்கவேண்டும் என்ற பேச்சு எழாது.

ஏசி என்பது இந்தக் கரையில் இரட்டைச் செலவு. ஒன்றரை டன் இயந்திரம் ஒன்று கணினி அறையில் ஓடினால் ஆண்டுக்கு ஆயிரம் யூனிட்டைத் தாண்டும். அதற்குமேல், வெளியே வைத்த பெட்டியின் சுருளை உப்புக்காற்று அரிக்கும். அரித்த இடத்தில் குளிரூட்டும் வாயு கசியும். ஆர்-410ஏ வகை வாயு ஒரு கிலோ வெளியேறினால் அது இரண்டு டன்னுக்குச் சற்று மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமம். ஆர்-32 வகையில் அது அதில் மூன்றில் ஒரு பங்கு. மெக்கானிக் வந்து 'கேஸ் போட்டார்' என்ற ஒவ்வொரு முறையும் எத்தனை கிலோ என்று கேட்டு நோட்டில் எழுதவேண்டும். இதை எழுதிய பள்ளியை நான் இன்னும் பார்க்கவில்லை.

அந்த இரண்டு டன் எவ்வளவு பெரிது என்பதற்கு அடுத்த வேலையின் கணக்கைப் பாருங்கள். மாதிரிப் பள்ளியின் 36 விசிறிகளையும் 30 வாட்டே இழுக்கும் புதுவகை பிஎல்டிசி மோட்டார் விசிறியாக மாற்றினால் ஆண்டுக்கு 2,040 யூனிட் மிச்சம். குழல்விளக்கையெல்லாம் 20 வாட் எல்இடி ஆக்கினால் 725 யூனிட் மிச்சம். இரண்டும் சேர்ந்து இரண்டு டன் உமிழ்வைக் குறைக்கும். அத்தனை விசிறிகளையும் விளக்குகளையும் மாற்றி ஓராண்டில் சேமித்ததை, ஒரே ஒரு ஏசியின் கசிவு ஒரு வாரத்தில் அழித்துவிடக்கூடும்.

புதிய விசிறி வாங்குமுன் பழைய விசிறி தொங்கும் கொக்கியைப் பாருங்கள். கான்கிரீட்டுக்குள் துருப்பிடித்த கொக்கி வெளிப்பார்வைக்கு நன்றாகவே தெரியும். பிஎல்டிசி விசிறிக்குள் சிறு மின்சுற்றுப் பலகை இருப்பதால், அதன்மேல் ஈரம் புகாத பூச்சு உண்டா என்று கேட்டு வாங்கவேண்டும். முதலில் இரண்டு அறைக்கு மட்டும் வாங்கி, ஒரு வாடைக்காலம் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தபின் மீதியை வாங்குவது நல்லது. ரிமோட்டால் மட்டும் இயங்கும் விசிறி வகுப்பறைக்கு வேண்டாம். ரிமோட் எங்கே போகும் என்று எல்லா ஆசிரியருக்கும் தெரியும். கழற்றிய குழல்விளக்குகளை உடைக்காமல் மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்; உள்ளே பாதரசம் இருக்கிறது.

சூரியத் தகடு கடைசியில்தான். இப்போது தேவை 3,300 யூனிட்டுக்குக் கீழே வந்துவிட்டதால், ஒரு கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 யூனிட் என்ற கணக்கில் இரண்டரைக் கிலோவாட் போதும். முதலிலேயே போட்டிருந்தால் நாலரைக் கிலோவாட் வாங்கியிருப்போம். மரக்கட்டையும் செங்கல்லும் சுண்ணாம்பும் தாங்கும் பழைய மெட்ராஸ் தளத்தின்மேல் எதையும் ஏற்றுமுன் பொதுப்பணித் துறைப் பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும். சந்தேகம் என்றால் புதிய கான்கிரீட் கட்டடத்தின் மேலேயே வைத்துவிடலாம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கொண்டுபோன காற்று அடிக்கும் கரை இது என்பதைத் தகடு பொருத்துபவரிடம் வாய்விட்டுச் சொல்லவேண்டும். உலோக அரிப்பைச் சோதிக்கக் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கிறது என்றால், இங்கே சாதாரண இரும்பு போல்ட்டின் ஆயுள் என்னவாகும் என்று ஊகித்துக்கொள்ளலாம். அலுமினியத் தாங்கியும், 316 தரத் துருவேறா எஃகு போல்ட்டும், உப்புமூட்டச் சோதனையில் தேறிய தகடும் கேளுங்கள். தகட்டைப் போர்த் தண்ணீரால் கழுவினால் உப்புப் படியும். நல்ல தண்ணீர் ஒரு வாளி எடுத்துவைக்க வேண்டும்.

இத்தனை தொல்லை எதற்கு, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிவிடலாமே என்பவர்களுக்கு ஒரு கணக்கு மட்டும். ஒரு டன் சிமென்ட் செய்ய அரை டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியாகிறது. கம்பியும் சூளைச் செங்கல்லும் தனி. இந்தப் பள்ளியின் ஆண்டு மின்சாரத்துக்கான 4.3 டன், ஏழெட்டு டன் சிமென்ட்டுக்கு, அதாவது நூற்றறுபது மூட்டைக்குள் அடங்கிவிடும். பன்னிரண்டு அறைக் கட்டடத்துக்கு நூற்றறுபது மூட்டை எங்கே போதும்? சுவரும் தளமும் பொறியாளர் பார்வையில் உறுதியாக இருக்கும்வரை பழைய கட்டடத்தை வைத்துக்கொள்வதே குறைந்த உமிழ்வு. உறுதி இல்லையென்றால் இந்தக் கணக்கைப் பார்க்கவேண்டியதில்லை. பிள்ளைகளை முதலில் வெளியே கொண்டுவர வேண்டும்.

நோட்டின் முதல் பக்கத்தில் கூட்டுத்தொகையையும், எதைச் சேர்த்தோம் எதை விட்டோம் என்பதையும், மாணவர் எண்ணிக்கையையும் எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு முறை வாசித்துவிடுங்கள். பிறகு அதை இருப்புப் பதிவேடுகளோடு பீரோவில் வைக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறக்கும் நாளில், முதல் மணி அடிப்பதற்குமுன், எல்லா மீட்டரின் ரீடிங்கையும் அதே நோட்டில் தேதியோடு எழுதவேண்டும்.